கல்லும் அது கிடந்த இடமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுச் சொற்பொழிவு வரிசையில் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் படித்து, பின்னர் இங்கேயே பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். நூற்றாண்டுச் சொற்பொழிவு ஒன்றை நிகழ்த்த வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமை பற்றிப் பேசட்டுமா என்றேன். அவரும் என் மாணவிதான். "வேண்டாம் ரீச்சர், அதைப் பேச நிறையப் பேர் இருக்கினம். நீங்கள் அந்தப் பேணிக் கதையைச் சொல்லுங்கோ" என்றார். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். மற்றவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

1968ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவிகள் இருபது பேரை எங்கள் வரலாற்று ஆசிரியை மலைநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றார். யாழ்தேவியில் போய், இடையில் மாறி, பதுளைப் புகையிரதத்தில் ஏறினோம். குளிரையும் மூடுபனியையும் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். பண்டாரவளையில் தங்கியிருந்தபோது, ஒருநாட் காலை புல் மூடிய குன்று ஒன்றில் ஏறினோம். முதல் நாள் இரவு நல்ல மழை. ஒற்றையடிப் பாதையில் மண் கழுவுப்பட்டு, சிறு வெள்ளைக் கற்கள் மினுங்கிக்கொண்டு கிடந்தன. ரீச்சர் ஒன்றைக் குனிந்து எடுத்தார். நகக்கண் அளவுதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளையள், இது சும்மா உடைஞ்ச கல் இல்லை. ஆரோ இருந்து உடைச்ச கல்" என்றார்.

அவ்வளவுதான். இருபது பேரும் குன்று முழுவதும் சிதறினோம். போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கினோம். என் பங்கை ஒரு பிஸ்கற் பேணியில் போட்டேன். அடுத்தடுத்த நாட்களில் எல்ல, அப்புத்தளை என்று போன இடங்களிலும் வெள்ளைக் கல் கண்ட இடமெல்லாம் பொறுக்கி அதே பேணியில் போட்டேன். வீடு வந்து சேர்ந்தபோது பேணியில் 31 கற்கள் இருந்தன. வந்தவர் போனவர் எல்லோருக்கும் திறந்து காட்டினேன். "ஆதிமனிதன் செய்த அம்புமுனை" என்று பெருமை பேசினேன்.

பேராதனைப் பல்கலைக்கழகம் போய்த் தொல்லியலை ஒரு பாடமாக எடுத்தபோது, பேணியையும் கொண்டு போனேன். விரிவுரையாளர் மேசையில் புதினத்தாள் ஒன்றை விரித்துக் கற்களைப் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மூன்று கும்பலாகப் பிரித்தார். முதலாவது, இயற்கையாக உடைந்தவை. இரண்டாவது, தெருப் போட உடைத்த சல்லி. மூன்றாவது கும்பலில் ஒன்பது கற்கள். "இந்த ஒன்பதும் அசல்" என்றார். எனக்கு நிலம் காலில் படவில்லை.

பிறகு அவர் கேட்டார்: "இந்த ஒன்பதும் எங்கே கிடந்தன?"

"மலைநாட்டில், சேர்."

"மலைநாட்டில் எங்கே? குன்றின் உச்சியிலா, சரிவிலா? மண்ணுக்கு மேலேயா, மண் வெட்டிய இடத்திலா? ஒன்பதும் ஒரே இடத்திலா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தக் கல் பண்டாரவளைக் கல், எந்தக் கல் எல்லக் கல் என்பதுகூடத் தெரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. கற்களைப் பேணிக்குள் போட்டு மூடி என்னிடம் தந்தார். "அழகான கற்கள் பிள்ளை. ஆனால் இனி இவை எதையும் சொல்லாது" என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வசனம் என் காதில் இருக்கிறது. அந்தக் குன்றில் யாரோ இருந்து, கல் உடைத்து, கருவி செய்து, வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகள் அந்தத் தடயம் மழைக்கும் வெயிலுக்கும் தப்பிக் கிடந்தது. இருபது பெண்பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் அதைத் துடைத்தெடுத்து விட்டோம். ஆசையினால் செய்தோம், அறியாமல் செய்தோம். ஆனாலும் அழித்தது அழித்ததுதான். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில், இந்தக் கற்கள் எவை என்று பார்ப்போம்.

நாங்கள் குடாநாட்டுப் பிள்ளைகள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். கிணறு வெட்டினாலும் அதுதான், மதில் கட்டினாலும் அதுதான். அதனால் வெங்கச்சங்கல் என்று நம்மவர் சொல்லும் குவாட்ஸ் நமக்குப் புதுமை. ஆனால் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் அது எங்கும் கிடைக்கும். இலங்கையின் ஆதிமனிதர் பெரும்பாலும் அதையே உடைத்துக் கருவி செய்தார்கள். சில இடங்களில் சேர்ட் எனப்படும் தீக்கல் வகையையும் பயன்படுத்தினார்கள்.

இந்தக் கற்களை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜோன் போல் என்ற தோட்டத் துரை. தேயிலை நட வெட்டிய மண்ணில் கிடந்தவற்றை அவர் சேர்த்தார். 1907இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற உறவினர் இருவர் நில்கல குகையில் அகழ்ந்து, இவை கற்காலக் கருவிகளே என்று எழுதினார்கள். அதையடுத்து வேடர் பற்றி ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர், வேடர் வாழ்ந்த குகைகளிலும் குவாட்ஸ் கருவிகளைக் கண்டு தமது 1911ஆம் ஆண்டு நூலில் குறிப்பிட்டார்கள். அந்த நூலின் அட்டையில் கணவரின் பெயரோடு மனைவி பிரெண்டாவின் பெயரும் இருக்கிறது என்பதை நம் மாணவிகள் கவனிக்க வேண்டும். பின்னர் ஹாட்லி என்பவர் பண்டாரவளையில் பெருந்தொகையாகச் சேகரித்து 1913, 1914ஆம் ஆண்டுகளில் கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையில் எழுதினார். பருத்தித்துறைக் கல்லூரிக்குப் பெயர் தந்த ஹாட்லி அல்ல, இவர் வேறொருவர்.

இக்கருவிகளில் பல மிகச் சிறியவை. பிறை வடிவம், முக்கோணம், சரிவகம் என்று கணக்காக வெட்டப்பட்டவை. நமது பாடநூல்கள் இவற்றைக் கேத்திரகணித வடிவ நுண்கற்கருவிகள் என்று சொல்கின்றன. இவற்றோடு, இரு முகமும் நுணுக்கமாகச் செதுக்கிய முனைகளும் கிடைக்கின்றன. அவற்றுக்குப் 'பலாங்கொடை முனை' என்று பெயர்.

இனி, மனிதன் உடைத்த கல்லை எப்படி அடையாளம் காண்பது? என் வகுப்பில் நான் ஐந்து கேள்விகள் சொல்லிக் கொடுப்பேன். இன்றும் அவற்றையே சொல்கிறேன்.

முதலாவது, இந்தக் கல் இந்த நிலத்துக்குரியதா? சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஒரு வெங்கச்சங்கல் கிடந்தால், அது தானாக வந்திருக்காது. ஆதிமனிதன் கொண்டுவந்தானா, அல்லது போன வருடம் சல்லி ஏற்றிவந்த லொறியிலிருந்து விழுந்ததா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அடி விழுந்த தடம் இருக்கிறதா? தீக்கல் வகையில் இது தெளிவாகத் தெரியும். அடி விழுந்த இடத்தில் ஒரு சிறு தட்டையான மேடை. அதன் கீழே உள்முகத்தில் ஒரு மெல்லிய புடைப்பு. அதிலிருந்து, குளத்தில் கல் எறிந்தால் பரவும் அலைபோல, வளைய வளையமாகக் கோடுகள். ஆனால் குவாட்ஸ் பிடிவாதக் கல். தனக்குள் இருக்கும் வெடிப்பு வழியே அது உடையும், புடைப்பும் வளையமும் சரியாகக் காட்டாது. இலங்கையில் பல கற்களை ஒரு அடிகல்லின் மீது நிறுத்தி மேலிருந்து அடித்திருக்கிறார்கள். அப்படி உடைத்ததில் இரு முனையிலும் நொறுங்கிய தடம் தெரியும்.

மூன்றாவது, ஓரத்தைத் திருத்தியிருக்கிறார்களா? இதுவே மிக நம்பகமான அடையாளம். இயற்கை ஒரு கல்லை உடைக்கும். ஆனால் ஒரே ஓரத்தில், ஒரே பக்கமிருந்து, ஒரே அளவில், வரிசையாகச் சிறு செதில்களை எடுக்காது. பிறை வடிவக் கருவியில் வளைந்த முதுகை இப்படித் திருத்தி மழுங்கச் செய்திருப்பார்கள். அந்த மழுங்கிய பக்கம் தடியில் பிசின் வைத்துப் பொருத்துவதற்கு. எதிர்ப்பக்கக் கூர்தான் வேலை செய்யும் பக்கம்.

நான்காவது, உடைவு பழையதா, புதியதா? பழைய உடைவின் வெடிப்புகளுக்குள் அந்த இடத்து மண்ணின் நிறம் ஊறியிருக்கும். ஏர் பட்டோ லொறி ஏறியோ நேற்று உடைந்தது வெளுப்பாக, பளிச்சென்று இருக்கும்.

ஐந்தாவது, தனியே கிடக்கிறதா, கூட்டமாகவா? ஒரு கருவி செய்தவன் பல செதில்களைக் கழித்து விட்டிருப்பான். செதில்களும், அவற்றை எடுத்தபின் எஞ்சிய கருக்கல்லும், அடித்த சுத்தியற் கல்லும் பக்கத்தில் இருந்தால், அது ஒரு பட்டறை. நம் வீட்டு அடுப்படியில் வெங்காயத் தோலைப் பார்த்தே என்ன சமையல் என்று அம்மா சொல்வாவே, அதுபோலத்தான். அழகான முனையை மட்டும் எடுத்துக்கொண்டு செதில்களைக் காலால் தட்டிவிட்டுப் போகிறவன், கறியை எடுத்துக்கொண்டு சமையல் எப்படி நடந்தது என்பதை அழிக்கிறான்.

ஐந்து கேள்விகளில் முதலாவதும் ஐந்தாவதும் கல்லைப் பற்றியவை அல்ல, இடத்தைப் பற்றியவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்தபின் அவ்விரண்டையும் கேட்க முடியாது.

இனி "அம்புமுனை" என்ற சொல்லுக்கு வருவோம். கூரான சிறு கல் எதைக் கண்டாலும் நாங்கள் அம்புமுனை என்று விடுகிறோம். பிறை வடிவக் கல் அம்பின் பக்கத்தில் முள்ளாகப் பதித்ததாக இருக்கலாம். கிழங்கு சீவும் கத்தியின் ஓரமாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் சொல்ல முடியாது. உருப்பெருக்கியில் ஓரத்தின் தேய்வையும் முனையின் முறிவையும் பார்த்துத்தான் சொல்வார்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகே பாகியன்கல குகை இருக்கிறது. அங்கே அடுக்கடுக்காக அகழ்ந்தெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட எலும்பு முனைகளை ஆராய்ந்த குழுவொன்று 2020இல் தன் முடிவை வெளியிட்டது. முனைகளில் வேகமாக மோதி முறிந்த தடங்கள் இருந்தன. தடியில் கட்டிய தடங்களும் இருந்தன. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வில்லும் அம்பும் இருந்தன என்பது அவர்கள் முடிவு. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. அடர்ந்த மழைக்காட்டின் மரஉச்சிகளில் ஓடும் குரங்கையும் பெரிய மர அணிலையும் வீழ்த்த அந்த அம்புகள் உதவியிருக்கின்றன. அம்பு என்றால் கல்முனை என்று நினைத்திருந்த எனக்கு, எலும்பும் முனையாகும் என்பதை அந்த ஆய்வு புரிய வைத்தது.

அம்பு இந்நாட்டில் நெடுங்காலம் தொடர்ந்தது. 1681இல் வெளியான தன் நூலில் றொபேட் நொக்ஸ் வேடரைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார். அவர்கள் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் ஓர் இலையை வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த இலையைப் பார்த்து இரும்பில் செய்து கொடுப்பானாம். பேச்சில்லை, எழுத்தில்லை, ஓர் இலை போதுமாக இருந்திருக்கிறது.

சரி, இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? இதற்கு இரண்டு கதைகள் சொல்கிறேன். ஒன்று நம் நாட்டுக் கதை.

சரசின்களுக்கும் ஹாட்லிக்கும் பின்னர் பல பத்தாண்டுகளாக இலங்கையின் பல குன்றுகளிலிருந்து நுண்கற்கருவிகள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டன. அழகாக வகை பிரித்தார்கள், படம் வரைந்தார்கள். ஆனால் நிலத்தின் மேல் பொறுக்கிய கல்லுக்கு வயது சொல்ல முடியவில்லை. தென்னாசியாவில் இத்தகைய கருவிகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை, அவ்வளவுதான் என்றே பலரும் எண்ணினார்கள். பின்னர் சிரான் தெரணியகலவும் அவரோடு பணியாற்றியவர்களும் குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, கித்துல்கலவில் பெலிலென ஆகிய குகைகளை அடுக்கடுக்காக அகழ்ந்தார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் கல்லோடு கூடவே அடுப்புக் கரி இருந்தது. உண்டு கழித்த நத்தை ஓடு, எலும்பு, கெக்குண விதைக் கோது எல்லாம் இருந்தன. கரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வயது கணித்தபோது 30,000 ஆண்டுகளையும் தாண்டிப் போனது. கல் மாறவில்லை. ஹாட்லி பொறுக்கிய அதே வகைக் கல்தான். பக்கத்தில் இருந்த கரிதான் வயதைச் சொன்னது.

நமது பக்கத்துச் செய்தி ஒன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வறண்ட கரையோரங்களில் காணப்படும் செம்மண், பரற்கல் படிவுகளுக்குப் புவிச்சரிதவியலாளர் வைத்த பெயர் 'இரணைமடுப் படிவு'. நம் இரணைமடுதான். தெற்கே பூந்தலப் பகுதியில் இத்தகைய படிவுகளில் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முந்தியவை எனத் தெரணியகல கணித்தார். கடலுக்கு அப்பால் திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரையோரத்துத் தேரி மணலிலும் நுண்கற்கருவிகள் உண்டு. சொய்னரும் ஓல்சினும் அவற்றை ஆராய்ந்து 1956இல் எழுதினார்கள். வன்னியில் செம்மண் வெட்டி லொறியில் ஏற்றும்போதெல்லாம் என் மனம் பதைக்கும். எதை ஏற்றுகிறோம் என்று பார்க்க அங்கே யாரும் நிற்பதில்லை.

இரண்டாவது கதை வெகு தூரத்துக் கதை. என் மகள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோதுதான், அங்கே எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையை முழுமையாகப் படித்தேன்.

பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் போல்சம் என்ற சிற்றூர். 1908இல் பெருவெள்ளம் வந்து ஓர் ஓடையை ஆழமாக அரித்துவிட்டது. ஜோர்ஜ் மக்யங்கின் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் வேலி பார்க்கப் போனபோது, கரையில் மிக ஆழத்தில் எலும்புகள் தெரிந்தன. அவர் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். எழுத வாசிக்கப் படித்தவர். அவை இப்போதைய காட்டெருமையின் எலும்பல்ல, அதைவிடப் பெரியவை என்று அவருக்கு விளங்கியது. பலருக்கும் சொன்னார். அவர் உயிரோடிருக்கும்வரை அகழ யாரும் வரவில்லை. 1922இல் அவர் இறந்துபோனார்.

1926இல்தான் டென்வர் நூதனசாலை அங்கே தோண்டத் தொடங்கியது. எலும்புகளுக்கிடையே நுட்பமாகச் செதுக்கிய கல்முனைகள் கிடைத்தன. ஆனால் அவை இடம் பெயர்ந்து மண்ணோடு வந்துவிட்டன. அறிஞர்கள் நம்பவில்லை. "மேலேயிருந்து விழுந்திருக்கலாம்" என்றார்கள். அமெரிக்காவில் மனிதன் சில ஆயிரம் ஆண்டுகளாகத்தான் இருக்கிறான் என்பது அக்காலத்துப் பெரியவர்களின் முடிவு. அடுத்த வருடம், 1927 ஓகஸ்ட் மாதத்தில், விலா எலும்புகளுக்கிடையில் பதிந்தபடியே ஒரு முனை தெரிந்தது. இம்முறை யாரும் அதைத் தொடவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தந்தி அடித்தார்கள். அறிஞர்கள் வந்து தம் கண்ணால் பார்த்தார்கள். அழிந்துபோன இனக் காட்டெருமையின் விலாவில் மனிதன் செய்த முனை. பனிக்காலத்தின் இறுதியிலேயே அங்கு மனிதர் இருந்தார்கள் என்பதை அதன்பின் மறுக்க முடியவில்லை.

முன்னைய வருடத்து முனைகளும் இதே கைகள் செய்தவைதான். அழகில் ஒன்றுக்கொன்று குறைவில்லை. ஒன்று இடத்தோடு இருந்தது, மற்றவை இடத்தை இழந்தன. அதுதான் வித்தியாசம். அத்தோடு, போல்சம் முனைகளும் அம்புமுனைகள் அல்ல, ஈட்டிமுனைகள். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் வில் வந்தது வெகு பிற்காலத்தில். அங்கே வாழும் நம் பிள்ளைகள் வயலில் கண்டு "அம்புமுனை" என்று சொல்பவற்றில் பல, வில்லுக்கு முந்திய ஈட்டியின் முனைகளே.

இப்போது நடைமுறைக்கு வருவோம். கண்டால் என்ன செய்வது?

இலங்கையில் இதற்குச் சட்டம் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்தின்படி, மண்ணில் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டவும் முடியாது, நாட்டுக்கு வெளியே கொண்டு போகவும் முடியாது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் ஞாபகமாக ஒரு கல்லைப் பெட்டிக்குள் போடுவதும் இதற்குள் அடங்கும். நீங்கள் வாழும் நாடுகளிலும் சட்டங்கள் உண்டு. ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்லியல் இடத்திலிருந்து பொருளை அகற்றக்கூடாது. ஸ்கொட்லாந்தில் கண்டெடுத்ததை அறிவிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுப்பவற்றைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்று 1997 முதல் நடக்கிறது. தோட்டத்தில் பேரப்பிள்ளை ஒரு தீக்கல் முனையைக் கண்டால் அங்கே கொண்டுபோய்க் காட்டலாம்.

சட்டத்துக்கு அப்பால், நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். கண்டால் எடுக்காதே, இரு. உன் தொலைபேசியால் மூன்று படம் எடு. கல்லைக் கிட்ட வைத்து, பக்கத்தில் ஒரு நாணயத்தோடு ஒன்று. இரண்டு எட்டுப் பின்னுக்குப் போய், அது கிடக்கும் மண்ணோடு ஒன்று. இன்னும் தள்ளி நின்று, மரமோ கோயிலோ மதகோ தெரிய ஒன்று. தொலைபேசியே இடத்தின் ஆள்கூற்றைச் சொல்லும், அதைக் குறித்துக்கொள். திகதியைப் போடு. பிறகு தொல்பொருள் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்கோ, பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களுக்கோ அறிவி.

கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் போடும்போதோ ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட கல்லென்றால், அதை அங்கேயே விட்டால் மண்ணோடு போய்விடும். அப்போது ஒரு சிறு பையில் தனியே போடு. எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், என்ன நிற மண், கூட என்ன இருந்தது என்று ஒரு துண்டில் பென்சிலால் எழுதி அதே பையில் வை. பேனை மை ஈரத்தில் கலையும், பென்சில் நிற்கும். அடுத்த கல்லுக்கு அடுத்த பை. தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே பேணியில் போடாதே.

ஆசை இருந்தால் அதை வேறு வழியிலும் தீர்க்கலாம். உடைந்த கண்ணாடிப் போத்தலின் தடித்த அடியை எடுத்து, கண்ணுக்குக் கவசமும் கைக்குத் தோலுறையும் போட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, நீயே ஒரு முனை செய்து பார். கண்ணாடி தீக்கல் உடைவது போலவே உடையும். அந்தப் புடைப்பும் வளையமும் உன் கண் முன்னாலேயே தோன்றும். பத்து முறை முயன்று பதினொன்றாவதும் உடைந்தபின், அந்தக் குன்றில் இருந்தவரின் கைத்திறன் உனக்கு விளங்கும். செய்து முடித்தால் அதன் மேல் திகதியையும் உன் பெயரையும் எழுதிவிடு. இல்லாவிட்டால் நாளை யாராவது அதையும் அசல் என்று விற்றுவிடுவார்கள். இணையத்தில் விற்பனைக்கு வரும் "புராதன அம்புமுனை"களில் பல அப்படிப்பட்டவைதான்.

அன்புச் சகோதரிகளே, இனி பேணியின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே கற்பித்த காலமெல்லாம் அது என் மேசை லாச்சியில் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் உயர்தர வகுப்பின் முதற் பாடத்தில் அதைத் திறந்து, அசல் எது, சல்லி எது என்று பிரிக்கச் சொல்வேன். பிரித்து முடித்தபின், விரிவுரையாளர் என்னிடம் கேட்டதை அவர்களிடம் கேட்பேன்: "இது எங்க கிடந்தது?" வகுப்பு அமைதியாகிவிடும். "அதுதான் இன்றைய பாடம்" என்பேன். இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டில் விட்டுவந்த எத்தனையோ பொருட்கள் போயின, பேணி மட்டும் எப்படியோ பையில் வந்தது. ஓய்வு பெற்றபின் அந்த ஒன்பது கற்களையும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் தேவைக்கென ஒப்படைத்தேன். பொதியின் மேல் என் கையாலேயே எழுதினேன்: 'கிடைத்த இடம் சரியாகத் தெரியாது.' எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யாக 'பண்டாரவளை' என்று எழுதுவதைவிட அது மேல்.

கடைசியாக ஒன்று. இந்த நினைவு மலருக்காகப் பழைய படங்களைச் சேர்க்க நானும் உட்கார்ந்தேன். உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். வலைப்பந்துக் குழு, நாடகக் குழு, விடுதிப் பிள்ளைகள். அருமையான படங்கள். பின்புறத்தைத் திருப்பினால் பலவற்றில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரட்டைப் பின்னலோடு முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை மேசையில் இருந்த நான்கு பேராலும் அடையாளம் காண முடியவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் எங்கோ இருக்கிறார்கள். நாளை அவர்களும் இல்லாமற் போனால், அந்தப் படமும் என் பேணிக் கல்லைப் போலத்தான்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் ஒரு பென்சிலை எடுங்கள். உங்களிடம் இருக்கும் கல்லூரிப் படங்களின் பின்னால், ஆண்டு, இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள், தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். பிறகு ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அந்த இரட்டைப் பின்னல் பிள்ளையின் படம் இம்மலரிலும் இருக்கிறது. யாரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எங்களுக்கு எழுதுங்கள்.